0.8.6-க்குப் பிறகு 1.0

ஜூன் 13, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. கழக்கூட்டம் சர்வீஸ் ரோட்டில் கணுக்கால் வரை தண்ணீர். ஆபீசுக்குக் காய்ச்சல் என்று மெயில் அனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

இன்றைக்கு ஒரே வேலை. வீடியோ விளையாட்டுக் கண்காட்சிக்கு விண்ணப்பம். மாலை ஐந்து மணிக்குள்.

மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொண்டேன். 'வெர்ஷன் எண் என்ன?' கீழே பொடி எழுத்தில்: 1.0-க்குக் கீழே இருப்பவை ஏற்கப்படமாட்டா.

எங்கள் 'சாலைப் பூனை' 0.8.6-ல் நிற்கிறது. சாலைக் கடைத்தெருவில் ஒரு பூனை சுற்றும், மூட்டை மேல் தூங்கும், குட்டி போடும். குட்டிகள் நிஜ நாள் கணக்கில் வளரும். அவ்வளவுதான் விளையாட்டு. இரண்டு வருஷ வேலை. கோடிங் நான், படம் ரேஷ்மா. இன்னும் இரண்டு தெரு பாக்கி. அந்தத் தெருக்களின் வாயில் ஒரு நீலத் தார்ப்பாய் வரைந்து தொங்கவிட்டிருக்கிறாள். பூனை அதற்கு மேல் போகாது.

எங்கள் எண் சட்டம் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது, ரேஷ்மாவின் பச்சை மையில்:

மூன்றாம் எண் – பிழை திருத்தினால் கூடும்.
இரண்டாம் எண் – புதுத் தெருவோ புதுக் கடையோ வந்தால் கூடும்.
முதல் எண் – முடிந்தால் மட்டும். இருவரும் ஒரே இடத்தில். '1' ரேஷ்மா அடிப்பாள். என்டர் சிவா.

ரேஷ்மா கண்ணூரில், சித்தி மகள் கல்யாணத்தில். மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நாலாவது தடவை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை, எடுத்துவிடுவாளோ என்று.

மணி 4.40. நானே '1' அடித்தேன். என்டரும் நானே. வேறு ஒரு வரியையும் தொடவில்லை. போனின் ஆப் கடையில் ஏற்றினேன், விண்ணப்பத்தை அனுப்பினேன். 4.52.

சாயங்காலம் பரோட்டா. நாலு தின்றேன்.

ஜூன் 14, சனி

மழை விட்டு விட்டு. துணி காயவில்லை, அறை முழுக்க ஈர வாடை.

எழுந்ததும் போன். இரவோடு இரவாக நிறையப் பேர் விளையாட்டை இறக்கியிருக்கிறார்கள். இத்தனை நாளும் வராதவர்கள். எண்ணுக்காகக் காத்திருந்தவர்களாம். ஒருவர் எழுதியிருந்தார்: 'கடைசியில் 1.0! முடியும் வரை காத்திருந்தேன். இனி நிம்மதியாக ஆடலாம்.' இன்னொருவர்: 'அந்தத் தார்ப்பாய்க்குப் பின்னால் என்ன? எப்படித் திறப்பது?' அது ஏதோ புதிர் என்று நினைத்துவிட்டார், பாவம். பதில் போடவில்லை.

பல் தேய்க்கும்போது யோசித்தேன். எண் போடுவதில் ஆளுக்கு ஒரு வழி. சிலர் வருஷத்தையே எண்ணாக வைத்துவிடுகிறார்கள், தப்பித்தார்கள். சிலர் ஆல்ஃபா, பீட்டா. சிலர் 0.9-ல் ஏறி, 0.9.1, 0.9.2 என்று ஏழெட்டு வருஷம் அங்கேயே குடியிருக்கிறார்கள். முன்பெல்லாம் அவர்களைக் கிண்டல் செய்வேன். இப்போது புரிகிறது. முன்னால் பூஜ்யம் இருக்கும்வரை எந்தப் பிழைக்கும் ஒரு மன்னிப்பு உண்டு. 'இன்னும் முடியவில்லை' என்று வாசலிலேயே எழுதிப் போட்ட மாதிரி. நான் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டேன், வீடு கட்டாமலே.

மத்தியானம் பயம் வந்து பழையபடி 0.8.7 என்று மாற்றி ஏற்றப் பார்த்தேன். ஆப் கடை ஏற்கவில்லை. முன்னதைவிடப் பெரிய எண்தான் போடலாமாம். இது எனக்குத் தெரியாததா? தெரியும். இருந்தும் மூன்று தடவை அழுத்திப் பார்த்தேன்.

வாங்க வேண்டியவை: சோப்பு, கொசுவர்த்தி, ரேஷ்மாவுக்குச் சொல்ல ஒரு காரணம்.

ஜூன் 15, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் விட்டால் நாளைக்கு எனக்கே இதை மாற்றிச் சொல்லிக்கொள்வேன். அதனால் எழுதுகிறேன்.

மத்தியானம் சாலைக் கடைத்தெருவில் பார்வதி அக்கா வீட்டில் சாப்பாடு. கீழே அத்தானின் மளிகை மொத்தக் கடை, மேலே வீடு. சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். கடையில் மூட்டை இறக்கும் இரண்டு பேரும் பந்தியில்.

எங்கள் விளையாட்டின் முதல் சோதனையாளர் அக்காதான். 0.1-லிருந்து. அத்தானுக்குப் பூனை முடி பட்டால் இழுப்பு வரும், அதனால் வீட்டில் பூனை கிடையாது. போனில்தான் வளர்த்தாள். பதினாலு மாதம். தாய்ப் பூனை மிளகு. குட்டிகள் கடுகு, சீரகம், வெந்தயம். வெந்தயத்துக்கு ஒரு காது மடங்கியிருக்கும். அது ரேஷ்மா தவறுதலாக வரைந்தது. திருத்தப் போனபோது அக்கா விடவில்லை.

நோட்டு ஒன்று வைத்திருக்கிறாள். கோடு போட்ட லாங் சைஸ். மூன்று கட்டம்: எண், என்ன ஆச்சு, சரியா. நான் சரி செய்தேன் என்று சொன்னாலும் உடனே டிக் போடமாட்டாள். ஒரு வாரம் ஆடிப் பார்ப்பாள். அந்தப் பிழை மறுபடி வரவில்லை என்றால்தான் டிக். எங்கள் ஆபீசில் சம்பளம் வாங்கும் எவனும் இப்படிச் செய்வதில்லை. ஆரம்பத்தில் ஒரு நாள் கேட்டாள், "0.2.9 முடிஞ்சு 0.2.10-ங்கே. பத்துங்கது ஒம்பதை விடச் சின்னதுல்லா, புள்ளிக்கு அந்தப் பக்கம்?" இது கணக்கு இல்லை அக்கா, வீட்டுக்குக் கார்ப்பரேஷன் போடும் டி.சி. நம்பர் மாதிரி, வார்டு தனி, வீடு தனி என்றேன். "அப்படிச் சொல்லு" என்றாள். அதற்குப் பிறகு கேட்டதில்லை.

இன்றைக்குச் சொதி ஊற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"ஏல சிவா, ஒண்ணு சொன்னா கோவிக்கப்பிடாது. பூனையெல்லாம் காணோம். நேத்து காலைல தொறந்தேன், முதல்ல இருந்து ஆரம்பிக்கி. மிளகு இல்ல, குட்டி இல்ல, ஒண்ணும் இல்ல."

அந்த நொடியே தெரிந்துவிட்டது. வாயில் சோறு. ஒன்றரை வருஷம் முன்னால் நானும் ரேஷ்மாவும் எழுதிய ஒரு வரி. வெர்ஷனின் முதல் எண் 1 ஆனதும் சோதனைக் காலத்தில் ஆடிச் சேமித்த சேவ் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். முடிந்த விளையாட்டில் எல்லாரும் புதிதாகத் தொடங்கட்டும் என்று. எண்ணை மட்டும்தானே மாற்றினேன் என்று இருந்தேன். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு ஒரு வரி உட்கார்ந்திருந்தது.

சொல்லியிருக்கலாம். சொன்னது இது: "நீ எதையாவது அழுத்தியிருப்பே அக்கா. செட்டிங்ஸ்ல போனியா?"

"நான் எதையும் தொடலியே." சொதிக் கரண்டியைக் கீழே வைத்தாள். "இல்ல, தொட்டிருப்பேன் போல. வெள்ளிக்கிழமை போன் நிறைஞ்சு போச்சுன்னு எதையோ அழிச்சேன்."

அத்தான் சிரித்தார். "இவகிட்ட போனைக் கொடுத்தா இதான் கதி. போன மாசம் கல்யாண ஃபோட்டோ எல்லாத்தையும் அழிச்சா. இப்பப் பூனையையும் அழிச்சாச்சு. இனி இவளுக்குப் பேரு டிலீட்டு."

மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பதைத் தனியாக எழுதி வைக்கிறேன்.

கிளம்பும்போது படிக்கட்டில் வந்து நின்றாள். "உனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையே? உன் வேலையைக் கெடுத்துட்டேனா?"

"சாரமில்ல அக்கா, பரவால்ல" என்றேன். நான் அவளை மன்னித்தேன். என் வாயால்.

ஜூன் 16, திங்கள்

வெயில், புழுக்கம். ஆபீசில் "காய்ச்சல் மாறியோ?" என்று எல்லாரும். விட்டுவிட்டது என்று எல்லாருக்கும்.

இடைவேளையில் விளையாட்டின் கோடிங்கைத் திறந்தேன். வரி அங்கேயே இருக்கிறது. மேலே என் குறிப்பு: 'அழிக்கும் முன் நன்றிப் படம் காட்டு. ரேஷ்மா வரைவாள்.' அந்தப் படம் இன்னும் வரையவில்லை. அதனால் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அழித்திருக்கிறது.

அழிந்தது அழிந்ததுதான். போனுக்குள் மட்டுமே இருந்த சேவ். எங்களிடம் நகல் கிடையாது. மேலும் மூன்று சோதனையாளர்கள் எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்கும் காணோம். 'கவனிக்கிறோம்' என்று பதில். கவனிக்க என்ன இருக்கிறது?

அந்த வரியைத் தூக்கினேன். 1.0.1 ஏற்றினேன். இன்னும் திறக்காதவர்களின் பூனைகளாவது பிழைக்கட்டும். இந்த வெர்ஷனில் என்ன மாற்றம் என்று எழுதும் கட்டத்தில் பத்து நிமிஷம் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. கடைசியில் எழுதினேன்: 'சிறு திருத்தங்கள்.' எல்லாரும் எழுதுவதுதான். இனி யார் அப்படி எழுதினாலும், என்னத்தை மறைக்கிறார்களோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

சாயங்காலம் அக்கா போன். எடுக்கவில்லை. பிறகு அவள் குரல் செய்தி: "பழைய போன் ஒண்ணு இருக்கு, அதுல எங்கயாவது பூனை ஒட்டிக்கிட்டு இருக்குமான்னு பாக்கட்டுமா? உனக்குத் தொந்தரவு இல்லன்னா சொல்லு."

பதில் போடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ரேஷ்மா வந்துவிட்டாள். கண்ணூரிலிருந்து ராத்திரி வண்டி, நேரே ஆபீஸ், தலைகூட வாரவில்லை. ரயிலில் போனில் விளையாட்டைத் திறந்திருக்கிறாள். மூலையில் 1.0.1.

ஆபீஸ் வாசல் சாயாக்கடை. வழக்கமாக மலையாளத்தில்தான் திட்டுவாள், நானும் பாதி புரியாத மாதிரி நிற்பேன். இன்றைக்கு என்னிடமும் அக்காவிடமும் பொறுக்கிய தமிழில் பேசினாள், நிறுத்தி நிறுத்தி.

"எடா, அந்த ஒண்ணு நான் அடிக்க வேண்டியது. என்னோட விரல். நீ என்னோட விரலை எடுத்து அடிச்சிட்டே."

"அஞ்சு மணிக்குள்ள..."

"கண்காட்சி அடுத்த வருஷமும் வரும். தார்ப்பாய் தொங்குது. ஜனம் அதைத் திறக்கப் பார்க்குது. எனக்கு நாணமா இருக்கு, நீ செய்ததுக்கு."

பிறகு சேவ் அழிந்ததையும் சொன்னேன். சாயாவைக் கீழே வைத்தாள். முதல் கேள்வியே, "சேச்சியோட வெந்தயம்?" அக்கா அவளுக்குச் சேச்சி.

போயிற்று என்றேன்.

"சேச்சிகிட்ட என்ன சொன்னே?"

சொன்னேன். சொதி, செட்டிங்ஸ், டிலீட்டு, என் சிரிப்பு, எல்லாம். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கிளாஸை மறுபடி எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எண்ணுக்கு நான் கோபம். அது தீரும். இது நான் தீர்க்கிற காரியம் இல்ல. நீ போய்ச் சொல்லு."

கண்காட்சிக்கு உண்மையைச் சொல்லி ஒரு மெயில். மடியில் லேப்டாப், நான் அடித்தேன்: 'நாங்கள் 1.0 என்று அனுப்பியது உண்மையில் 0.8.6. எண்ணை மட்டும் மாற்றினேன். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறோம்.' 'மாற்றினோம்' என்று அடித்திருந்ததை அவள்தான் திருத்தச் சொன்னாள். என்டர் அவள் அழுத்தினாள்.

ஜூன் 18, புதன்

மறுபடி மழை. அரை நாள் லீவு. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். பஸ்ஸில் ஒத்திகை. 'அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு.' நடந்துபோச்சா? தானாக நடந்ததா? 'அக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன்.' பக்கத்து ஸீட்காரர் திரும்பிப் பார்த்தார்.

கடையில் நுழைந்ததும் அத்தான் உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார், "ஏ டிலீட்டு, உன் தம்பி வந்திருக்கான்!" மல்லி மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியோடு சிரித்தார். மூன்று நாளில் அந்தப் பெயர் கடை முழுக்கப் பழகிவிட்டது.

அக்கா வந்தாள். சிரித்த மாதிரிதான் இருந்தாள். போனில் பூனை இருந்த இடம் காலி. விளையாட்டையே எடுத்துவிட்டாளாம்.

"இனி நான் டெஸ்ட் பண்ணலடா. வேற ஆளு பாரு. எனக்கு இதெல்லாம் ஆகாது, கேட்டியா. தெரியாத்தனமா மறுபடி எதையாவது அழிச்சு வெச்சிட்டேன்னா?"

காப்பி போடப் போனாள். மேசையில் அந்த நோட்டு. திறந்தேன். கடைசிப் பக்கம், அவளுடைய உருண்டைக் கையெழுத்து:

1.0 – பூனை எல்லாம் போச்சு. நான் எதையோ தொட்டுவிட்டேன். என் தப்பு.

'சரியா' கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தாள். இனிப் பார்க்க ஒன்றும் இல்லை என்கிற கோடு.

காப்பி வந்தது. குடித்தேன். "நல்லா இருக்கு" என்றேன். கால் கிலோ சீரகம் பொட்டலம் கட்டிக்கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முப்பத்தோரு வயது. இப்படி ஒரு பயந்தாங்கொள்ளி. மூன்று இலக்கத்தையும் சரியாகத் திருத்தத் தெரியும், ஒரு வாக்கியம் சொல்லத் தெரியாது. சீரகத்தை அறையில் எங்கே வைத்தாலும் கண்ணில் படுகிறது.

ஜூன் 19, வியாழன்

காலை ஏழு. ஆபீசுக்கு எதுவும் சொல்லவில்லை. கிழக்கேகோட்டையில் இறங்கினேன். பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைப்பவர்களின் வரிசை. நானும் ஒன்று வாங்கிக்கொண்டு நின்றேன். தைரியம் கேட்கவா, நேரம் கடத்தவா என்று எனக்கே தெரியும். எனக்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருக்கும்போது வரிசையிலிருந்து விலகி, தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். கடை திறக்கும் நேரம்.

அத்தான் கல்லாவில் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். மூட்டைக்காரர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு, அவர்கள் முன்னால்தானே சிரித்தேன் என்று நினைத்தேன்.

"அத்தான், பூனையை அக்கா அழிக்கல. நான்தான் அழிச்சேன்."

"என்னது?"

"விளையாட்டு முடியறதுக்கு முன்னாலயே முடிஞ்சதுன்னு நம்பர் போட்டேன். அந்த நம்பர் போட்டா பழசெல்லாம் அழிஞ்சுபோகும். மறந்துட்டேன். அக்கா ஒண்ணும் தொடல. எனக்குத் தெரிஞ்சும் அவ மேல போட்டேன்."

நம்பர் விஷயம் அவருக்குப் புரியவில்லை. மீதி புரிந்தது. ஊதுபத்தியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "எதுக்குல?" என்றார்.

"சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"வெக்கமா இருந்துச்சு. பின்னே நான் அஞ்சு நாளா அவளை..." மூட்டைக்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். அத்தான் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "பார்வதி. இங்க கொஞ்சம் வா."

வரத் தேவையிருக்கவில்லை. அரிசி மூட்டைக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபம். பிழை ஒன்றைத் துருவும்போது அவளுக்கு ஒரு முகம் உண்டு, புருவம் ஒட்டிக்கொண்டு, அந்த முகம்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமைன்னா? வீட்டுக்குப் போன பொறவா, சாப்பிடும்போதா?"

"சாப்பிடும்போது."

"நான் சொதி ஊத்தும்போதா, இவங்க சிரிச்ச பொறவா?"

எனக்கு அழுகை வந்தது. அழுதேன், கடையில் வைத்து. "நீ பூனையெல்லாம் காணோம்னு சொன்னியே, உடனே தெரியும்."

"அப்போ அதுக்குப் பொறவுதான் செட்டிங்ஸ்ல போனியான்னு கேட்டே."

"ஆமா."

"படில வந்து நான் கேட்டேனே, உனக்குக் கஷ்டம் இல்லையேன்னு. அப்பவும் தெரியும்."

"தெரியும் அக்கா."

தலையை ஆட்டினாள். மேலே போய் நோட்டை எடுத்து வந்து கல்லா மேசையில் விரித்தாள். அத்தான் தராசை நகர்த்தி இடம் விட்டார். 'நான் எதையோ தொட்டுவிட்டேன். என் தப்பு' என்பதை ஸ்கேல் வைத்து அடித்தாள். 'சரியா' கட்டத்தில் இழுத்திருந்த கோட்டையும் அடித்தாள். கீழே எழுதினாள், என்னைப் பார்க்காமல், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே:

1.0 – சிவா பொய் சொன்னான். நான் கேட்ட உடனே.

நோட்டை என் பக்கம் திருப்பினாள். நான் படித்தேன். அத்தானும் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, 1.0.2 இன்னைக்குப் போடுதேன். அதுல எல்லாருக்கும் உள்ளதை எழுதிருதேன், என்ன நடந்துச்சுன்னு. பூனையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. நீ மறுபடி..."

"போட்ட பொறவு சொல்லு. இறக்கிப் பாக்கேன்."

பேனாவை மூடினாள். 'சரியா' கட்டம் காலியாக இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன் போல. அவளும் பார்த்தாள்.

"ஒரு வாரம் ஆகட்டும்" என்றாள்.